கோவளத்தில் சர்ஃபிங் பேக்கேஜா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

18,600 ரூபாய் போச்சு. நேற்று ராத்திரிதான் ஊர் திரும்பினோம், கோபம் இன்னும் அடங்கவில்லை. ஈசிஆர் கோவளம், முட்டுக்காடு தாண்டி வருகிற நம்ம கோவளம், கேரளாவில் இருப்பது இல்லை. மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு அங்கே கிளம்புகிற எல்லாருக்கும் இது போய்ச் சேர வேண்டும். என்னென்ன பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வீடு, அறை வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கிற ஒரு செயலி. பெயர் சொல்லவில்லை, நிறையப் பேர் போனில் இருக்கும். அதில்தான் இந்த பேக்கேஜ் இருந்தது: கடலைப் பார்த்த வீட்டில் இரண்டு ராத்திரி, அக்கா பசங்க இரண்டு பேருக்கும் சர்ஃபிங் வகுப்பு, விடியற்காலையில் மீனவர்களோடு விசைப்படகில் ஒரு சுற்று. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று பக்கத்தில் பச்சை டிக் வேறு.

அதற்கும் மேலே, அந்த பேக்கேஜைப் போட்டிருந்த ஆள் பேசிய விதம். பணம் கட்டும் முன் நானே போன் பண்ணினேன். எடுத்ததும் விலை பேசவில்லை, பசங்களுக்கு என்ன வயசு, நீச்சல் தெரியுமா என்றுதான் கேட்டான். “காலையில ஆறு மணிக்கெல்லாம் தண்ணியில இறங்கிடணும் சார், வெயில் ஏறினா கடல் காத்து வந்து அலையைக் கலைச்சுடும். பசங்களுக்கு ஃபோம் போர்டுதான் குடுப்போம், மேல பட்டாலும் பெருசா அடிபடாது” என்றான். கடல் தெரிந்த மனுஷன், பசங்க மேல் அக்கறை இருக்கிறது என்று தோன்றிவிட்டது. செயலிக்குள்ளேயே 18,600 ரூபாயையும் கட்டினேன். வெளியே யாருக்கும் தனியாக ஒரு பைசா அனுப்பவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போய் நின்றால் வீடு இருக்கிறது, படத்தில் இருந்த அதே நீல கேட். ஆனால் பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்து, சாவித் துவாரமே அடைந்து கிடக்கிறது. அதைத் திறந்து எத்தனை மாசமோ. போன் சுவிட்ச் ஆஃப். எதிரில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார்கள்: “இது மெட்ராஸ்காரங்க வீடு தம்பி, வாடகைக்கெல்லாம் விடுறதில்ல. போன வாரமும் ஒரு குடும்பம் பெட்டியோட வந்து நின்னுச்சு.” விசைப்படகு என்றதும், “இங்க ஏதுப்பா விசைப்படகு, எல்லாம் ஃபைபர் போட்டுதான்” என்றார்கள். அதுவுமில்லாமல் கிழக்குக் கடற்கரை முழுக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் விசைப்படகில் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவன் விற்கிறான், அதற்கு இந்தச் செயலி பச்சை டிக் போடுகிறது! எதைத்தான் சரிபார்த்தார்கள்?

அடுத்து வாடிக்கையாளர் சேவை. பசங்க வெயிலில் பையோடு நிற்கிறார்கள், நான் சாட்டில் டைப் அடித்துக்கொண்டு நிற்கிறேன். “உங்கள் சிரமம் புரிகிறது” என்று பதில் வரும், ஆள் மாறும், புது ஆள் முதலிலிருந்து கதை கேட்பார், அனுப்பிய படத்தையே திரும்ப அனுப்பச் சொல்வார். சாயங்காலம் வந்தது பாருங்கள் ஒரு பதில்: “விருந்தினர் வரவில்லை என உரிமையாளர் பதிவு செய்துள்ளார், எனவே பணம் திரும்பக் கிடைக்காது.” நான் வரவில்லையாம்! பூட்டின கேட் முன்னால் நின்று எடுத்த படம், நேரம், லொகேஷன் எல்லாம் அனுப்பியிருக்கிறேன். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன், அழைப்பார்கள் என்றார்கள். யாரும் அழைக்கவில்லை, புகாரை ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்ந்தது? என் 18,600 ரூபாய்தான் தீர்ந்தது.

ஊர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த அம்மாவே தண்ணீர் கொடுத்து, தங்க ஒரு இடமும் காட்டினார்கள். மறுநாள் காலையில் கரையில் இருந்த ஒரு மீனவத் தம்பி பசங்களுக்கு போர்டில் எழுந்து நிற்கும் வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார், வகுப்பு முடிந்த பிறகுதான் பணமே வாங்கினார்.

சரி, விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. பச்சை டிக்கை நம்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் வேண்டாம். கிளம்பும் முன் வீடியோ கால் போட்டு வீட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சர்ஃபிங் வகுப்பைக் கரைக்குப் போய் நேரில் பேசிக்கொள்ளுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் கொடுத்திருக்கிறேன். அதே நீல கேட் வீட்டுக்குப் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.