ஹைட் பார்க்கில் ரூஸ்வெல்ட்டின் வீடும் நூலகமும்

நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்றால், அதன் கிழக்குக் கரையில் ஹைட் பார்க் என்னும் சிற்றூர் வருகிறது. அமெரிக்காவின் 32ஆம் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30 அன்று பிறந்த வீடு, பதவியில் இருந்த காலத்திலேயே அவர் எழுப்பிய நூலகமும் அருங்காட்சியகமும், அவரும் அவர் மனைவி எலினோரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் ரோஜாத் தோட்டம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே வளாகத்தில், நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. வீட்டைத் தேசியப் பூங்காத் துறையும், நூலகத்தைத் தேசிய ஆவணக் காப்பகமும் பராமரிக்கின்றன. இவ்விடத்துக்குச் செல்ல எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, வீட்டைப் பார்த்த பிறகே நூலகத்துக்குள் நுழைய வேண்டும் என்பதாகும். தம் உடலின் இயலாமையை ஊரார் கண்ணிலிருந்து மறைத்து வாழ்ந்த ஒருவரை வீடு காட்டுகிறது. அதே மனிதர் தம் ஆட்சியின் காகிதங்கள் அனைத்தையும் நாட்டின் உடைமையாக எழுதிக் கொடுத்ததை நூலகம் காட்டுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் அவரது ஆளுமை பிடிபடுகிறது.

ஸ்பிரிங்வுட் என்று அழைக்கப்படும் அந்த வீட்டை 1867இல் அவருடைய தந்தை ஜேம்ஸ் வாங்கினார். முதலில் சாதாரணப் பண்ணை வீடாக இருந்ததை, 1915இல் ஃபிராங்க்ளினும் அவருடைய தாய் சாராவும் இருபுறமும் கல்லாலான பக்கக் கட்டடங்களைச் சேர்த்து இன்றைய தோற்றத்துக்குக் கொண்டுவந்தனர். வழிகாட்டியின் துணையோடுதான் உள்ளே செல்ல முடியும். அறைகளின் வாயிலில் நின்று பார்ப்பதே முறை என்பதால், குழுவில் முன்னால் நிற்பவர்களுக்குத் தெரிவது பின்னால் வருபவர்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வோர் அறையிலும் கடைசியாக வெளியேறுபவராக இருந்தால் சில நொடிகள் கூடுதலாகப் பார்க்கலாம்.

முன்கூடத்திலேயே, சிறுவனாக இருந்தபோது அவர் சேகரித்துப் பாடம் செய்த பறவைகள் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கின்றன. சுவர்களில் கடற்படைக் கப்பல்களின் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றைக் கடந்து வரும்போது, கவனமில்லாமல் சென்றால் தவறவிடக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. பயணப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்காக அமைக்கப்பட்ட சிறிய லிஃப்ட் அது. 1921 ஆகஸ்டில், 39ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் அவருடைய கால்களைச் செயலிழக்கச் செய்த பிறகு, சக்கர நாற்காலியோடு அதற்குள் நுழைந்து, கயிற்றைத் தம் கைகளால் இழுத்தே அவர் மேல்தளத்துக்குச் சென்றுவந்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் பெரும் கூட்டணியை வழிநடத்திய மனிதர் தம் படுக்கையறைக்குச் செல்லத் தோள்வலிமையை மட்டுமே நம்பியிருந்தார் என்பதை எத்தனை வாழ்க்கை வரலாறுகளில் படித்தாலும், அந்தக் கூண்டின் அளவை நேரில் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது. அவருடைய சக்கர நாற்காலியும் கவனத்துக்குரியது. சாதாரணச் சமையலறை நாற்காலியில் சக்கரங்களைப் பொருத்திச் செய்யப்பட்டதால், அது குறுகலான வாயில்களில் எளிதாக நுழைந்தது. பார்ப்பவர்களுக்கும் நோயாளியின் வண்டியாகத் தோன்றவில்லை.

வீட்டின் இன்னொரு கதை சாராவினுடையது. 1941 செப்டம்பரில் இறக்கும்வரை இந்த வீட்டின் தலைவி அவரே. மேல்தளத்தில் மாமியாரின் அறைக்கும் கணவரின் அறைக்கும் இடையில் எலினோரின் சிறிய படுக்கையறை ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அறை அமைப்பு உடனே புரிந்துவிடும். வழிகாட்டிகள் இதைப் பற்றி மென்மையாகவும் நேர்மையாகவும் பேசுகிறார்கள். ஃபிராங்க்ளினின் படுக்கையறையில் அவருடைய நாய் ஃபாலாவின் கழுத்துவாரும், வாஷிங்டனோடு நேரடியாகப் பேசுவதற்கான தொலைபேசியும் இருக்கின்றன. 1939 ஜூனில் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தம் அரசியுடன் வந்து தங்கியதும், 1942 ஜூனில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் அணு ஆய்வில் ஒத்துழைப்பது பற்றிப் பேசியதும் இதே வீட்டில்தான். அணுகுண்டு பற்றிய பேச்சு நடந்த அறை அத்தனை சிறியதாக இருப்பது எனக்குக் கலக்கத்தைத் தந்தது.

வீட்டிலிருந்து சில நிமிட நடையில் நூலகம் இருக்கிறது. அதன் வரலாற்றை அறியாமல் உள்ளே சென்றால், அது இன்னோர் அருங்காட்சியகமாக மட்டுமே தோன்றும். அதுவரை அமெரிக்க அதிபர்களின் ஆவணங்கள் அவர்களுடைய சொந்தச் சொத்தாகவே கருதப்பட்டன. பதவியிலிருந்து இறங்கும்போது அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், வாரிசுகள் பூட்டி வைப்பதும், சில வேளை எரித்துவிடுவதும் வழக்கமாக இருந்தன. ஆபிரகாம் லிங்கனின் ஆவணங்கள், அவருடைய மகன் இறந்து 21 ஆண்டுகள் கழியும்வரை திறக்கப்படக் கூடாது என்ற நிபந்தனையால் 1947 வரை மூடியே கிடந்தன. இந்தப் பின்னணியில்தான், 1938 டிசம்பரில், தம் ஆவணங்களைத் தேசத்துக்கு அளிக்கப்போவதாக ரூஸ்வெல்ட் அறிவித்தார். குடும்ப நிலத்திலிருந்து 16 ஏக்கர் ஒதுக்கப்பட்டது; கட்டடத்துக்கான பணம் தனியார் நன்கொடைகளாகத் திரட்டப்பட்டது; 1939 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1941 ஜூன் 30 அன்று நூலகம் திறக்கப்பட்டது. ஹட்சன் பள்ளத்தாக்கில் குடியேறிய டச்சுக்காரர்களின் கல்வீடுகளைப் போலக் கட்டடம் அமைய வேண்டும் என்று விரும்பி, முதல் வரைபடத்தை அவரே வரைந்தார். ஒரு தேசம் கடந்த காலத்தின் மீதும் எதிர்காலத்தின் மீதும் நம்பிக்கை வைப்பதோடு, கடந்ததிலிருந்து கற்றுக்கொள்ளும் தன் மக்களின் ஆற்றலையும் நம்ப வேண்டும் என்ற கருத்தைத் திறப்பு விழா உரையில் அவர் முன்வைத்தார். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்த, அமெரிக்கா போரில் இன்னும் இறங்காத மாதங்களில் அந்த உரை நிகழ்த்தப்பட்டது.

அவருக்குப் பின் வந்த அதிபர்களின் நூலகங்களுக்கெல்லாம் இதுவே முன்மாதிரி. 1955இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது; 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதிபரின் அலுவல் ஆவணங்களை அரசின் உடைமையாகவே ஆக்கிவிட்டது. ஆனால் ரூஸ்வெல்ட் முழுக்கத் திறந்த மனத்தோடு அனைத்தையும் ஒப்படைத்தார் என்று எழுதினால் அது மிகையாகும். எவை பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும், எவை வரக் கூடாது என்பதைத் தாமே பிரித்துத் தர வேண்டும் என்று அவர் 1943இல் நூலக இயக்குநருக்கு எழுதினார். அதைச் செய்து முடிக்கும் முன்பே 1945 ஏப்ரல் 12 அன்று காலமானார். ஒரு குழு அப்பணியை ஏற்று, 1950இல் ஆவணங்களின் பெரும்பகுதியை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. இன்று 1.7 கோடிப் பக்கங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இணையத்திலும் படிக்கக் கிடைக்கிறது.

நூலகத்தினுள் அவருடைய பணியறைதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. பதவியில் இருந்துகொண்டே தம் நூலகத்தைப் பயன்படுத்திய அதிபர் அவர் ஒருவரே. போர்க்காலத்தில் ஹைட் பார்க் வந்தபோதெல்லாம் இந்த அறையில் அமர்ந்து வேலை செய்தார். இங்கிருந்து வானொலியிலும் பேசினார். அவர் விட்டுச் சென்ற விதத்திலேயே அறை காக்கப்பட்டிருக்கிறது.

நிரந்தரக் கண்காட்சி 2013 ஜூன் 30 அன்று, பெரும் புதுப்பிப்புக்குப் பின் மறுபடியும் திறக்கப்பட்டது. அது 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் தொடங்குகிறது. 1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேலையின்றி இருந்தார். வங்கிகள் மாநிலம் மாநிலமாக மூடப்பட்டுவந்தன. அந்தச் சூழலை உணர்த்திய பிறகே, அதிலிருந்து நாட்டை மீட்க அவர் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்களுக்குள் அழைத்துச் செல்வதால், 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் போன்றவை வெறும் சட்டப் பெயர்களாகக் கடந்து போவதில்லை. அக்காலத்துச் சமையலறையைப் போல அமைத்த இடத்தில் நின்று, கணப்பருகே உரையாடல்கள் என்று புகழ்பெற்ற அவருடைய வானொலிப் பேச்சுகளைக் கேட்கலாம். பின்னணி இசையோ ஆரவாரமோ இல்லாத, அவசரமற்ற அந்தக் குரல், அச்சத்தில் இருந்த குடும்பங்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அங்கே ஊகிக்க முடிகிறது.

காட்சிப் பொருள்களில் மூன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாவது, வெள்ளை மாளிகையில் அவர் பயன்படுத்திய மேசை. அதன் மேல் அவர் சேர்த்து வைத்திருந்த சின்னஞ்சிறு பொம்மைகளும் நினைவுப் பொருள்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டாவது, கால்களின் உதவியின்றிக் கைகளாலேயே ஓட்டும்படி மாற்றியமைக்கப்பட்ட 1936ஆம் ஆண்டு ஃபோர்டு கார். மூன்றாவது, அவர் நிற்பதற்காகக் கால்களில் பூட்டிக்கொண்ட எஃகுப் பட்டைகள். வீட்டில் அந்த லிஃப்டைப் பார்த்துவிட்டு வருபவருக்கு இந்தக் காரும் பட்டைகளும் வேறு விதமாகப் பேசும். நூலகத்தைப் பிறகு பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த அருங்காட்சியகத்தை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், தன் நாயகரை அது வழக்காடிக் காப்பாற்றாமல் இருப்பதுதான். அதிபர் நூலகங்கள் பலவும் புகழ்மாலைகளாகிவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு பழையது. அதில் உண்மையும் உண்டு. இங்கோ, சர்ச்சைக்குரிய முடிவுகளுக்கென்றே தொடுதிரை மேசைகள் அமைத்து, ஆவணங்களையும் வரலாற்றாசிரியர்களின் மாறுபட்ட கருத்துகளையும் பார்வையாளர் முன் வைத்திருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்ட 9066ஆம் ஆணையால், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடுவாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். யூத அகதிகளுக்குக் கதவு எவ்வளவு திறந்தது, எவ்வளவு மூடியிருந்தது என்ற கேள்வியும், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட 1937இல் அவர் செய்த முயற்சியும் அங்கே விவாதிக்கப்படுகின்றன. பார்வையாளர் தீர்ப்பைத் தாமே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பது அறிவார்ந்த ஏற்பாடு. ஆனால் இவற்றைப் படிக்க நேரமும் பொறுமையும் வேண்டும். திரைகளைக் குழந்தைகள் சூழ்ந்துகொள்ளும் விடுமுறை நாள்களில் அது எளிதன்று. ஆகவே வாரநாளின் காலை நேரமே உகந்தது.

இந்தியாவிலிருந்து செல்பவர் மனத்தில் இன்னொன்றும் எழும். 1942 ஜூலை 1 அன்று காந்தியடிகள் ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும்வரை, அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களின் நிலை தீராதவரை, சுதந்திரத்துக்காகப் போரிடுவதாக நேச நாடுகள் சொல்வது வெற்றொலியாகவே கேட்கும் என்பது அதன் சாரம். இந்தியா குறித்துச் சர்ச்சிலிடம் ரூஸ்வெல்ட் வற்புறுத்தியதும், போர்க் கூட்டணி முறிந்துவிடாதிருக்க அந்த வற்புறுத்தலை ஓர் எல்லையில் நிறுத்திக்கொண்டதும் வரலாறு. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையின்மை, அச்சமின்மை என்று ரூஸ்வெல்ட் வகுத்த நான்கு சுதந்திரங்கள் பற்றிய காட்சிகளின் முன் நிற்கும்போது அந்தக் கடிதத்தை நினைக்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

ரோஜாத் தோட்டம் வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையே, உயரமான பசுமை வேலிக்குள் இருக்கிறது. தம் கல்லறைக்கான வெள்ளைப் பளிங்குக் கல் எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், மூன்று அடி உயரம் இருக்க வேண்டும் என்று 1937லேயே ரூஸ்வெல்ட் எழுதி வைத்திருந்தார். பெயர்களும் ஆண்டுகளும் தவிர அதில் வேறெதுவும் பொறிக்கப்படவில்லை. 1962இல் மறைந்த எலினோரும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். ஃபாலாவின் இடமும் அருகில்தான்.

செல்லும் வழியைப் பொறுத்தவரை, மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்திலிருந்து பகிப்ஸி வரை ரயில் உண்டு. பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். போகும்போது இடப்புற ஜன்னலருகே அமர்ந்தால் வழி நெடுக ஹட்சன் ஆறு உடன் வரும். பகிப்ஸியிலிருந்து வளாகத்துக்குச் சில மைல்கள்தான் என்றாலும், திரும்புவதற்கான வாடகை வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நுழைவுச்சீட்டுகள், ரூஸ்வெல்ட்டின் துணை அதிபர்களில் ஒருவரான ஹென்றி வாலஸ் பெயரால் அமைந்த பார்வையாளர் மையத்தில் வழங்கப்படுகின்றன. வீட்டுச் சுற்றுக்குக் குறித்த நேரமும் இடவரம்பும் உண்டு என்பதால் அதை முதலில் உறுதிசெய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அரை நாளில் முடித்துவிடலாம் என்று வருபவர்கள் பெரும்பாலும் கண்காட்சியின் போர்க்காலப் பகுதியை ஓடிக் கடக்க நேரிடும். முழு நாளும் ஒதுக்குவதே முறை.

இரண்டு நாள் இருக்க முடிந்தவர்கள், ஸ்பிரிங்வுட்டுக்குக் கிழக்கே இரண்டு மைல் தொலைவிலுள்ள வால்-கில்லைத் தவறவிடக் கூடாது. மாமியார் வீட்டில் தமக்கென ஓர் இடமில்லாதிருந்த எலினோர், 1920களில் அங்கே ஒரு கல்வீட்டைத் தோழியருடன் எழுப்பி, கிராமத்து இளைஞர்களுக்கு மரவேலை கற்றுத்தரும் பட்டறையையும் நடத்தினார். பட்டறை மூடப்பட்ட பின் அந்தக் கட்டடத்தையே வீடாக்கிக்கொண்டு, கணவர் மறைந்த பிறகு அங்கேயே வாழ்ந்தார்; 1948இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கிய ஆணையத்துக்குத் தலைமை வகித்ததும் அந்த ஆண்டுகளில்தான். பொருத்தமில்லாத நாற்காலிகளும் எளிய அறைகளுமாக இருக்கும் அந்த வீடு, ஸ்பிரிங்வுட்டைப் பார்த்த மறுநாள் காலையில் பார்ப்பதற்கு ஏற்றது. அங்கிருந்து மேலே, குன்றின் மீது, சக்கர நாற்காலிக்குத் தடையில்லாதபடி ரூஸ்வெல்ட் தாமே வடிவமைத்த டாப் காட்டேஜ் என்னும் சிறுவீடும் இருக்கிறது. ஆண்டின் எல்லா மாதங்களிலும் இவை திறந்திருப்பதில்லை என்பதால், புறப்படும் முன் கால அட்டவணையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.