நேற்றைய எடையை இன்றும் காட்டும் மெஷின்: நான்கு வருடப் பழக்கம்

பழைய தோழி ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "உன் வீட்டில் இருக்கிறதே அந்தக் கண்ணாடி எடை மெஷின், இப்போது விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டாள். வாங்கு என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வாயைத் திறந்தவள் முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். கடைசியில் அவள், "சரிடி, இப்போது வாங்கணுமா வேண்டாமா?" என்றாள். பதில் வரவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஆப் உண்டு, ப்ளூடூத் உண்டு, கொழுப்பு, தசை, நீர், எலும்பு என்று ஒரு டஜன் எண்கள் காட்டும், எட்டுப் பேர் வரை பெயர் சேர்க்கலாம். இதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், எனவே அதை விடுவோம். வாங்கிய அன்று நான் 68.2 கிலோ. 60-க்கு வரவேண்டும் என்று இலக்கு வைத்தேன். நான்கு வருடம் கழித்து 63-ஐச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். இதில் மெஷினுக்கு எவ்வளவு பங்கு, காலை நடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. மெஷினைக் கேட்டால் எல்லாம் தன்னால்தான் என்று சொல்லும். அதன் ஆப் அப்படித்தான் வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது.

என் கோபம் வேறு இடத்தில்.

வாங்கி இரண்டு மாதம் இருக்கும். ஐந்து நாள் தொடர்ந்து 64.3. ஒரு நாள் ஒன்றே கால் மணி நேரம் நடந்தேன், 64.3. இன்னொரு நாள் இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினேன், 64.3. ஆறாவது நாள் வெறுத்துப்போய் நடைக்கே போகவில்லை. அன்றும் 64.3. அப்போதுதான் பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மகள், "போனைக் கையில் வைத்துக்கொண்டே ஏறுகிறாயே அம்மா, அதன் எடையும் சேர்ந்துதானே வரும்?" என்றாள். ஆப் திறந்திருக்க வேண்டும் என்பதால் போனோடு ஏறுவது வழக்கமாகியிருந்தது. இருநூறு கிராமாவது குறையும் என்ற நப்பாசையில் போனை வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். 64.3. வாயில் நுரையோடு அவள் கேட்டாள்: "போனுக்கு எடையே கிடையாதா?"

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். 66.2. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். 64.1.

விஷயம் இதுதான். பல டிஜிட்டல் எடை மெஷின்கள் கடைசியாகக் காட்டிய எண்ணை நினைவில் வைத்திருக்கும். அடுத்த எடை அதற்குப் பக்கத்தில் இருந்தால் புதியதைக் காட்டாமல் பழையதையே திருப்பிக் காட்டும். நடுவில் ரொம்பத் தள்ளியிருக்கும் ஒரு எடையைக் கொடுத்தால்தான் பழையதை மறக்கும். என்னுடையதில் இந்த இடைவெளி கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும் என்பது பாட்டில்களை வைத்து நான் கண்டுபிடித்தது. கையேட்டில் ஒரு வரி கூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இதைச் செய்தவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு. கண்ணாடிக்கு அடியில் நான்கு மூலையிலும் ஆளுக்கொரு உணரி இருக்கிறது. நாம் ஏறும்போது அதில் இருக்கும் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அந்த வளைவால் மின்தடை மாறும், நான்கையும் கூட்டி எடையாக்குகிறார்கள். குதிகாலைச் சற்றுப் பின்னால் வைத்தாலே நூறு கிராம் மாறலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை ஏறி இரண்டு எண் வந்தால் நம்மில் பாதிப் பேர் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதனால் ஒரே எண்ணைக் காட்டி நம்பிக்கை சம்பாதிக்கிறார்கள். புரிகிறது. ஆனால் ஒரு புள்ளி தள்ளி நூறு கிராம் வரை துல்லியம் என்று பெட்டியில் பெருமையடித்துவிட்டு, அந்த நூறு கிராமைத்தான் ஒளித்து வைக்கிறார்கள். ஐந்து நாள் நடந்தவளுக்கு அந்த நூறு கிராம் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியுமா? என் வரைபடத்தைப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருக்கும். நான்கு நாள் சமதளம், பிறகு ஒரேயடியாகச் சரிவு. அந்தச் சமதளங்களில்தான் நான் மனம் தளர்ந்தேன், எல்லாம் மெஷின் கட்டிய சமதளம்.

கொழுப்புச் சதவீதம் இன்னொரு கூத்து. இரண்டு பாதத்துக்கும் இடையே மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்க்கிறது. தசையிலும் நீரிலும் மின்சாரம் எளிதாக ஓடும், கொழுப்பில் ஓடாது. அந்த மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். இடுப்புக்கு மேலே அது எட்டிப் பார்ப்பதே அபூர்வம். என் பிரச்சினை முழுக்க இருப்பதோ வயிற்றில். மீதியை உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒரு சூத்திரம் ஊகிக்கிறது. நம்பாதவர்கள் ஆப்பில் பிறந்த வருடத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஏறிப் பாருங்கள். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறியதில் எனக்கு இரண்டு சதவீதம் கொழுப்புக் கரைந்திருக்கிறது!

இந்தச் சூத்திரத்தால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் திருவிழா நடந்தது. அம்மா வந்து தங்கியிருந்த நேரம். அம்மாவுக்கு 66 வயது, எனக்கு 41. எடை இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. மெஷினுக்கு முகமா தெரியும், எடையை வைத்துத்தான் யார் ஏறினார்கள் என்று முடிவுசெய்கிறது. அம்மா ஏறியதை என் கணக்கில் எழுதிவிட்டது. என் வயது, என் உயரம், அம்மாவின் கால். ஆப்பில் 'உடல் வயது 43' என்று வந்தது. "பாருடி, எனக்கு நாற்பத்து மூணாம்!" என்றாள் அம்மா. தவறு எங்கே என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அன்று மாலைக்குள் அக்கா, சித்தி, பக்கத்து வீடு எல்லோருக்கும் செய்தி போயிற்று. அந்த வாரம் அம்மா மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் ஏறினாள் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். மறுநாள் நான் ஏறியது அம்மா கணக்கில் விழுந்து எனக்கு 61 வயதானது. அதை யாருக்கும் சொல்லவில்லை.

மாமனார் மட்டும் இதில் ஏறுவதே இல்லை. அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். உடலுக்குள் மின்சாரம் அனுப்பும் மெஷினில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஏறக்கூடாது. கையேட்டில் இது பொடி எழுத்தில் இருக்கிறது, பெட்டி மேலே பெரிதாகப் போட்டிருக்க வேண்டிய விஷயம். பெரியவர்கள் உள்ள வீட்டில் வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது கவனியுங்கள். அவருக்காகப் பழைய முள் மெஷினைப் பரணிலிருந்து இறக்கினோம். பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருகி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு ஏறுவார். "எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு இருக்கும்" என்பார். அதோடு அவருக்கு அந்த மாதம் முடிந்தது.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. செல் வருடம் ஒரு முறை. இடத்தை மாற்றினால் காலால் ஒரு தட்டுத் தட்டி, 0.0 வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஏற வேண்டும். மிதியடி மேலோ தரை ஓடுகளின் இணைப்புக் கோட்டின் மேலோ வைத்தால் எடை தாறுமாறாக வரும், அதனால் தரையில் ஸ்கெட்ச் பேனாவால் நான்கு மூலை குறித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது வருடம் ஒரு நாள் மூவருக்குமே இரண்டரை, மூன்று கிலோ குறைந்தது. இரண்டு நாள் யாரும் எதுவும் கேட்கவில்லை, நல்ல செய்தியை யார் சோதிப்பார்கள்? மூன்றாம் நாள் என் கணவர் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு ரப்பர் கால் கிடைத்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, பாகம் தனியாக வராது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பசை போட்டு ஒட்டினோம். போன மூன்று கிலோவும் அன்று மாலையே திரும்பி வந்தது.

பிடித்தது என்று ஒன்று சொல்லவேண்டுமானால், நான்கு வருடக் கோடு. ஒரு நாள் எண்ணில் ஒன்றும் இல்லை. உப்பு கொஞ்சம் கூடினாலே உடல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மறுநாள் ஒரு கிலோ வரைகூட ஏறலாம். பட்டினி தொடங்கிய முதல் வாரம் இறங்குவதும் பெரும்பாலும் தண்ணீர்தான். உடல் சேமித்து வைத்திருக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது போகும்போது இதுவும் போகிறது. எங்கள் நடைக் குழுவில் யாராவது "முதல் வாரமே இரண்டு கிலோ!" என்று குதித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் மாதக்கணக்கில் பின்னால் தள்ளிப் பார்த்தால் அந்தக் கோடு வேறு மாதிரி பேசுகிறது. ஒரு இடத்தில் 47 நாள் புள்ளியே இல்லை, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அடுத்த புள்ளி மூன்று கிலோ கீழே. இவருடைய கோட்டில் ஒரு வருடத்தில் 4 கிலோ ஏற்றம், சிகரெட்டை விட்ட வருடம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் செய்த ஆகச் சிறந்த காரியம் அது. ஆப் அதைச் சிவப்பில் தீட்டி, 'இலக்கிலிருந்து விலகிச் செல்கிறீர்கள்' என்று வாரம் தவறாமல் அனுப்பியது. அந்த அறிவிப்பை நான்தான் அணைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தோழியிடம் சொல்லாதது. மகளுக்கு 12 வயதாக இருந்தபோது அவளுக்கும் ஒரு பெயர் சேர்த்திருந்தோம், வளர்த்தி பார்க்கலாமே என்று. கையேட்டில் 18 வயதுக்குக் கீழே கொழுப்பு அளவு பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. ஆப் மட்டும் பிறந்த வருடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுபேச்சில்லாமல் 'சற்று அதிகம்' என்று மஞ்சளில் காட்டியது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் குளியலறையிலிருந்து அந்த 'பீப்' சத்தம். ஒரு நாள் இரண்டு பீப். ஏறி, இறங்கி, சாக்ஸைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறியிருக்கிறாள். பெயரை அழித்தேன். மெஷினை அலமாரி மேலே ஏற்றிவைத்தேன், இரண்டு மாதம் அங்கேயே கிடந்தது. அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமோ என்று இன்னும் தோன்றுகிறது.

அந்த இரண்டு மாதத்தில்தான் இலக்கைக் கிலோவிலிருந்து நிமிடத்துக்கு மாற்றினேன். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வேலை. இதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய காலண்டரில் பேனாவால் எழுதிக்கொண்டே வருகிறேன். போன வாரம் 190. இதில் யாரும் பொய் சொல்வதில்லை, சொன்னால் நான்தான் சொல்லவேண்டும். மெஷின் இப்போது கீழே இறங்கிவிட்டது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை மட்டும். மகள் அந்தப் பக்கம் போவதில்லை. இப்போது அவளுக்குப் பூப்பந்துப் பைத்தியம்.

சரி, தோழிக்குப் பதில். வாங்காதே. விலை இன்னும் இறங்கினாலும் வாங்காதே. எடை மட்டும் தெரியவேண்டுமா, ஆப் இல்லாத சாதாரண மெஷின் போதும், வயிற்றுக்கு ஒரு இஞ்ச் டேப் வாங்கிக்கொள். இதை எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அப்போது உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடேன்."

தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடக் கோடு அதில்தானே இருக்கிறது. உண்மையில் அது ஆப்பில் இருக்கிறது, மெஷினில் இல்லை என்று அவள் சொன்னாள். அது எனக்கும் தெரியும்.

இந்த ஞாயிறு 62.7 காட்டியது, போன ஞாயிறும் அதே 62.7. சந்தேகம் விடவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏறினேன், இறக்கி வைத்துவிட்டு ஏறினேன். 62.9. பாட்டிலைத் தொடாமலே இருந்திருக்கலாம்.