விலை இறங்கியது மெஷினுக்குத்தான், ஆர்கானுக்கு இல்லை

ஆர்கான் கேஸ் வைத்து எவர்சில்வரைப் பற்றவைக்கும் வெல்டிங் மெஷின்களான 200 ஆம்ப் டிசி டிக் இன்வெர்ட்டர்களின் விலை இந்த மாதம் நன்றாக இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "மச்சி, உன்கிட்ட இருக்கிற அதே மெஷின்தானே, எடுத்துடவா?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப், டூட்டி சைக்கிள், எடை எல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதற்கு நான் தேவையில்லை. நான் பேசப்போவது பெட்டியில் எழுதியிராத விஷயத்தை, அதாவது ஆர்கான் கேஸை.

முதலில் எதற்காக வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் வீட்டு மொட்டை மாடியில் வைத்து எவர்சில்வர் அண்டாக்களுக்கு அடியில் குழாய் திருக அரை இன்ச் பிஎஸ்பி சாக்கெட் (உள்ளே மரை போட்ட தடித்த வளையம்), மூடியில் கிளாம்ப் போட்டுக் குழாயை இணைக்கும் விளிம்பான ஒன்றரை இன்ச் ட்ரை-கிளாம்ப் ஃபெரூல், பக்கவாட்டில் தெர்மாமீட்டர் நுழைக்க ஒரு குழாய், இவ்வளவுதான் வேலை. இந்த வடிவங்கள் எல்லாம் அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பழக்கிவிட்டவை. 1978-ல் அங்கே வீட்டில் பியர் காய்ச்ச வழிவிட்டு மத்திய அரசின் சட்டம் மாறியபிறகு பழைய பியர் கெக்கின் (உலோகப் பீப்பாயின்) தலையை அறுத்து, குழாய் பற்றவைத்து, கொதிகலனாக மாற்றுவது பெரிய பொழுதுபோக்காகவே வளர்ந்தது. நமக்கு 1937-ம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, அதனால் நான் போடுவது கொம்புச்சாவும் (புளிக்கவைத்த டீ) கோல்ட் புரூ காபியும்தான். ஆனால் பாத்திரத்தைப் பொறுத்தவரை கொம்புச்சா ஒன்றும் லேசுப்பட்டதில்லை. புளித்து முடியும்போது பிஎச் 3 பக்கம் இறங்கிவிடும், அந்தப் புளிப்போடு வாரக்கணக்கில் உலோகம் ஊறிக் கிடக்கும்.

மெஷினைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல முடியும். வெல்டிங் என்றதும் மாடி முழுக்க ஃபியூஸ் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்: டிக்கில் 60 ஆம்ப் ஓட்டினால் ஆர்க்கின் (டார்ச் முனைக்கும் உலோகத்துக்கும் நடுவே எரியும் மின்பொறியின்) வோல்டேஜ் சுமார் 12 தான், ஆக ஆர்க்குக்குப் போவது 750 வாட் அளவுதான். மெஷினின் இழப்பையும் சேர்த்தால்கூட ஒரு கெட்டில் இழுக்கும் கரண்டைத் தாண்டாது. மே மாதத்தில் தெருவில் இருக்கிற ஏசி எல்லாம் ஓடி வோல்டேஜ் தொங்கினாலும் இது அசையாமல் எரிகிறது. ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு 35, 40 ஆம்பே போதும், அந்தக் குறைந்த ஆம்பிலும் ஆர்க் நடுங்குவதில்லை.

கூடவே வாங்கின, காலால் அழுத்தி ஆம்பைக் கூட்டிக் குறைக்கும் ஃபுட் பெடலைத்தான் நான் எதிர்பார்க்கவே இல்லை. அண்டாவின் தகடு மெல்லிசு, சாக்கெட் தடி. இரண்டுக்கும் ஒரே சூட்டைக் கொடுத்தால் சாக்கெட் சிவப்பதற்குள் தகட்டில் ஓட்டை விழுந்துவிடும். பெடல் இருந்தால் ஆர்க்கை சாக்கெட்டின் விளிம்பில் வைத்து அழுத்தி, உலோகம் உருகிக் கண்ணாடி போல் பளபளக்கும் அந்தக் கணத்தில் காலை லேசாகத் தளர்த்தி, அந்தச் சின்னக் குளத்தைத் தகட்டின் பக்கம் சாய்த்து, 308எல் ஃபில்லர் ராடின் (உருக்கிச் சேர்க்கும் எவர்சில்வர் கம்பியின்) நுனியை ஒரு சொட்டு தொட்டு எடுக்கலாம். அப்போது குளத்தின் ஓரம் தகட்டைப் பிடித்துக்கொள்வது ஹெல்மெட் வழியாகத் தெளிவாகத் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன் எழுந்திருக்கிறேன். பட்டறையில் காசு கொடுத்து வாங்கிவிட முடியாத சந்தோஷம் அது.

சரி, இப்போது கேஸ்.

என்னிடம் இருப்பது 10 லிட்டர் சிலிண்டர். 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் உள்ளே சுமார் 1,500 லிட்டர் ஆர்கான். டார்ச்சில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால் மூன்று மணி நேரம் வரும் என்று கடைக்காரர் சொல்வார், அதில் பொய்யில்லை. ஆனால் எவர்சில்வரில் டார்ச்சுக்கு மட்டும் கேஸ் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். உருகும் உலோகத்தின் பின்பக்கமும் காற்றுப் படக்கூடாது. அண்டாவின் உள்பக்கத்தில் அலுமினிய டேப்பால் ஒரு சின்ன அறை கட்டி, அதற்குள்ளும் ஆர்கானை விட வேண்டும். உள்ளே இருக்கும் காற்று முழுக்க வெளியேறும்வரை, ஆர்க்கைத் தொடங்காமலே கேஸை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெல்டு முடிந்ததும் சூடு இறங்கும்வரை இன்னும் கொஞ்சம். ஆக அந்த மூன்று மணி நேரம் ஒன்றரைக்கும் கீழே வந்துவிடுகிறது, அதில் ஆர்க் எரிந்த நேரத்தைத் தனியாகக் கூட்டினால் வயிறு எரியும்.

பின்பக்க கேஸ் இல்லாமல் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். பட்டறையில் "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க" என்று கேட்டுச் செய்த அண்டா எதையாவது எடுத்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே மீன் செதில் அடுக்கினாற்போல் அழகாக இருக்கும், உள்ளே கருப்பாக, சொரசொரவென்று, விரல் நுனியில் கீறும். அந்தச் சொரசொரப்பின் ஒவ்வொரு இடுக்கிலும் பழைய கொம்புச்சா ஒட்டிக்கொண்டிருக்கும், எந்த பிரஷ்ஷும் அங்கே போகாது. 304 எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம் இருப்பதால்தான் அது துருப்பிடிப்பதில்லை. காற்றுப் பட்டு நிறம் மாறின இடத்தில் அந்தக் குரோமியம் மேலே இருக்கும் ஆக்சைடுக்குப் போய், அடியில் இருக்கும் உலோகம் அது இல்லாமல் இளைத்து நிற்கிறது. கடற்கரைப் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், உப்பில் இருக்கும் குளோரைடு சரியாக அந்த இளைத்த இடத்தைத்தான் தேடிப் பிடிக்கும். வெல்டை ஒட்டி ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் வருவது இதனால்தான். வைக்கோல் நிறம் வந்தால் கவலையில்லை, நீலம் வந்தால் யோசிக்க வேண்டும், சாம்பலோ கருப்போ வந்தால் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். பிக்ளிங் பேஸ்ட் போட்டால் போய்விடும் என்பார்கள், போகத்தான் செய்யும், ஆனால் அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது, குழந்தைகள் ஓடுகிற வீட்டில் அதற்கு இடமே இல்லை. எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு சிட்ரிக் அமிலத்தில் ஊறவைப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இதற்கு மேல் காற்று வேறு. திருவான்மியூர் என்றால் எல்லோரும் பொறாமைப்படும் அந்தக் கடல் காற்று, நண்பகல் தாண்டி எழுந்ததும் டார்ச் முனையில் இருக்கிற ஆர்கானை ஊதித் தள்ளிவிடும். கேஸைக் கூட்டினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. அளவுக்கு மேல் கூட்டினால் கேஸே சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் விடிகாலையில்தான் வேலை, அதுவும் தார்ப்பாய் மறைப்புக்குள். மறைப்பு எப்படியும் தேவைதான், பக்கத்து மாடியில் வடாம் பிழிய வரும் அக்காவின் கண்ணில் ஆர்க் வெளிச்சம் படக்கூடாது. காற்றுக்குப் பயந்து கதவைச் சாத்திய அறைக்குள் இதைச் செய்யாதீர்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம், வாசனையும் கிடையாது, தரையோடு தேங்கி மூச்சை அடைத்துவிடும். எவர்சில்வர் புகையும் நல்லதில்லை, மாஸ்க் கட்டாயம்.

கோபம் இப்போது ஏன் என்றால், போன வாரம் நிரப்பி வாங்கிய சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து ரெகுலேட்டரை மாட்டினால் முள் 110 பாரில் நிற்கிறது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. போன் செய்தால் "சூடு ஆறினா இறங்கும் சார், ஃபுல் கேஸ்தான் சார்" என்று பதில். சூடு ஆறினால் இறங்கும்தான், மறுக்கவில்லை. நிரப்பும்போது 50 டிகிரி இருந்து பிறகு 30-க்கு வந்தால் 150 என்பது 140 பக்கம் வரும், 110 எப்படி வரும்? சூட்டுக்குக் கழித்தபிறகும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கேஸ் குறைவு, பணம் மட்டும் முழுசாக. சின்ன சிலிண்டர்காரன் என்றால் அவர்களுக்கு இளக்காரம்தான், கிண்டி பக்கம் லாரியில் ஏற்றிப் போகிற கம்பெனிகளிடம் இப்படிப் பேசுவார்களா? டூவீலரில் சிலிண்டர் ஏற்றக்கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்துப் போய், ஆட்டோ பிடித்து வந்து, மூன்று மாடி தூக்கிக்கொண்டு ஏறினபிறகு திருப்பி எடுத்துப் போய்ச் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கிறது? இனிமேல் கடையிலேயே கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மெஷின் செய்தவர்கள் மேல் இதில் ஒரு குறைதான் சொல்ல முடியும்: பின்னால் கொடுத்திருக்கும் கேஸ் கனெக்டர். சோப்புத் தண்ணீர் தடவினால் மெல்ல மெல்ல நுரை பூக்கும். செம்புதாஸ் தெருவில் பித்தளை நிப்பிளும் கிளாம்ப்பும் வாங்கி மாற்றிவிட்டேன், நின்றுவிட்டது. காசைக் கொட்டி வாங்குகிற கேஸ் கசியும் இடத்தில் மலிவு பிளாஸ்டிக்கைப் போடலாமா என்பது என் கேள்வி.

அண்டா வாங்கும்போது மலிவு ரகமான 202-ஆ, 304-ஆ என்று கேளுங்கள், கேட்பதோடு விடாமல் தகட்டில் ஒரு சொட்டு ரசாயனம் விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட்டும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், 202-லும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

அப்புறம், வாங்கலாமா? வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று தோன்றும், தோன்றட்டும். மூன்று நான்கு ஃபெரூல் பற்றவைப்பதுதான் உங்கள் மொத்தத் தேவை என்றால் ஈக்காட்டுத்தாங்கலில் ஆர்கான் வெல்டிங் தெரிந்த பட்டறை எத்தனையோ இருக்கின்றன. உள்பக்கமும் கேஸ் கொடுத்துத்தான் பற்றவைக்க வேண்டும் என்று சொல்லி, கூடவே நின்று, கூடுதலாகக் கேட்பதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பற்றவைக்கவே வேண்டாம் என்றால் சிலிகான் வாஷர் வைத்து நட்டுப் போட்டு இறுக்கும் ஃபிட்டிங் இருக்கிறது, அவ்வப்போது கழற்றிக் கழுவினால் அதுவும் நன்றாகவே உழைக்கும். மெஷின் விலை எவ்வளவு இறங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

என் மெஷினை நான் விற்கப்போவதில்லை, விலை கேட்டு யாரும் எழுத வேண்டாம். 47 லிட்டர் சிலிண்டருக்கு டெபாசிட் கட்டலாம் என்று இருக்கிறேன், 7 கியூபிக் மீட்டர் ஆர்கான் வரும். அதை மாடிக்கு ஏற்ற முடியாது, அதனால் கீழே படிக்கட்டுக்கு வெளியே சங்கிலி போட்டுக் கட்டி, மாடிவரை ஹோஸ் இழுக்க வீட்டு ஓனரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.