ஓவர்ஹால் செய்த புரோட்டோன் சாகாவில் வேக்குவம் கேஜ்: நீண்ட நாள் அனுபவம்

இன்ஜின் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது) செய்யப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவோடு ஒரு வேக்குவம் கேஜையும், அதாவது இன்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் காடியில் அது கழற்றப்படாமல் இருக்கிறது.

காடி பழைய புரோட்டோன் சாகா, 1.3, கார்புரேட்டர். மலேசியாவின் பேராக்கில் பீடோர் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலைகளில் ஓடுவது. ரிங், பேரிங், ஹெட் கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டு வெளியே வந்தும் இழுவை இல்லை. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கேஜ் 14 அங்குலம் (பாதரச அளவில்) காட்டியது. தாழ்வான நம் ஊரில் நல்ல இன்ஜின் 17 முதல் 21 வரை காட்டவேண்டும். “ரிங் இன்னும் செட் ஆகலண்ணே, ஓட ஓட சரியாயிடும்” என்றார் ஃபோர்மேன். புது ரிங்கில் கொஞ்சம் குறையும்தான், ஆனால் ஓட்ட ஓட ஏறவேண்டுமே, இங்கே முள் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில் நின்றது.

எண்ணை விட முள்ளின் ஆட்டத்தைப் பாருங்கள். சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஏதோ ஒரு வால்வில் சந்தேகம். ஆடாமல் தாழ்வாக நின்றால் இக்னிஷன் (தீப்பொறி) தாமதம், வால்வுகளைத் திறக்கும் கேம் தாமதம், அல்லது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) காற்றுக் கசிவு. மேனிஃபோல்ட் ஓரங்களிலும் கார்புரேட்டர் அடியிலும் கிளீனர் அடித்தோம் (ஆறின இன்ஜினில் ஆரம்பியுங்கள், தீப்பிடிக்கும் சரக்கு அது), கசிவு இருந்தால் ஐடில் மாறும், ஆனால் மாறவில்லை. இன்ஜின் வெற்றிடத்தால் பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரின் ஹோஸை நெரித்துப் பார்த்தோம், அதிலும் ஒன்றுமில்லை. தீப்பொறி நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் இக்னிஷனும் சரியாகவே இருந்தது.

ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட் ஓட்டையில் கிட்டத்தட்ட ஓரத்துக்கே போயிருந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது கேம். கேம் பின்தங்கினால் இக்னிஷனும் கூடவே பின்தங்கும், அதை ஈடுகட்ட யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி லைட்டுக்குச் சரி செய்துவிட்டார்கள், வால்வுகள் மட்டும் தாமதமாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தன. கவரைக் கழற்றி முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேலே கொண்டுவந்து குறிகளைப் பார்த்தால், கேமைச் சுற்றும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பைத் தேய்த்தாலும் கேம் லேசாகப் பின்தங்கும் என்பது உண்மை, ஆனால் வழக்கமான தேய்ப்பு ஒரு பல் அளவுக்குத் தள்ளாது. பெல்ட்டைச் சரியாக மாட்டி இக்னிஷனையும் மறுபடி வைத்ததும் முள் 18-ஐத் தாண்டியது.

அப்புறம், முள் ஏறுகிறதே என்று டிஸ்ட்ரிபியூட்டரை மேலும் மேலும் முன்னே திருப்பாதீர்கள். ஐடிலில் அழகாகக் காட்டும், மேட்டில் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தம்) அடித்துப் புது பிஸ்டனைத் தின்றுவிடும்.

கேஜின் ஹோஸை, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டில் இருந்து எடுங்கள். மேலே இருக்கும் துளையில் செருகினால் ஐடிலில் ஏறக்குறைய பூஜ்யம்தான் வரும். தாப்பா வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தா ஏறினால் அங்கே நான்கைந்து அங்குலம் குறைவாகக் காட்டும், 1,400 மீட்டர் உயரம், காற்றே லேசு, பயப்பட வேண்டாம். பிற்பாடு பூஸ்டர் ஹோஸில் வெடிப்பு விழத் தொடங்கியதையும் பிரேக் கனமாகும் முன்பே இந்தக் கேஜ்தான் சொன்னது.

குறை என்றால், கூடவே வந்த ரப்பர் குழாய் இன்ஜின் சூட்டில் சீக்கிரமே இளகிவிட்டது. வாங்கின அன்றே அதை எறிந்துவிட்டுத் தடித்த வேக்குவம் ஹோஸ் போடுங்கள்.