சாயநீருக்கு வெயில் வைத்தியம்: தூளைக் கலப்பதா, தகட்டில் பூசுவதா?

சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய, வெயிலில் வேலை செய்யும் வினையூக்கி என்றால் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். துத்தநாக ஆக்சைடும் சாயத்தை நன்றாகவே வெளுக்கும். ஆனால் அமிலத்தில் கரையும், வெளிச்சம் பட்டாலே அரிபடும். அதை விட்டுவிடலாம். மிஞ்சுவது ஒரே கேள்வி: தூளைத் தண்ணீரில் கலப்பதா, கண்ணாடித் தகட்டில் பூசி அதன்மேல் தண்ணீரை ஓடவிடுவதா? சோதனைக்கூடத்தில் இரண்டையும் செய்து பார்த்துப் பூச்சுக்கு மாறியவன் நான். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

வேகத்தில் தூளை மிஞ்ச முடியாது. பூச்சில் சாய மூலக்கூறு தகடுவரை வந்து சேர வேண்டும். தூளில் வினையூக்கியே சாயத்தைத் தேடிப் போகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் அளவே பெரும்பாலும் போதும். கூடுதலாகப் போட்டால் தண்ணீர் பால்போல் கலங்கி, வெளிச்சம் உள்ளே இறங்காது.

சரி, சாயம் வெளுத்துவிட்டது. தூளை எப்படி வெளியே எடுப்பது? இங்கேதான் எல்லாம் மாறுகிறது. கடையில் கிடைக்கும் நானோ தூளின் அடிப்படைத் துகள் சுமார் 20 நானோமீட்டர். தண்ணீரில் திரண்டாலும் சாதாரண வடிதாளில் ஒரு பகுதி நழுவிவிடும். பீக்கர் அளவில் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவி) காப்பாற்றும். தொட்டி தொட்டியாக வரும் கழிவுக்கு அது கட்டுப்படியாகாது. மெல்லிய சவ்வு வடிகட்டி வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பி.எச். 6-ஐ ஒட்டிக் கொண்டுவந்தால் துகள்களின் மின்சுமை ஏறக்குறைய இல்லாமல் போய், திரண்டு படியும். ஆனால் பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் கழிவு, அதில் சேர்க்கும் சோடியம் கார்பனேட்டால் காரமாகத்தான் வரும். ஒவ்வொரு முறையும் அமிலம் ஊற்ற வேண்டும். (வெளிச்சத்தில் உருவாகிச் சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைக் கார்பனேட் விழுங்குவதால் அமிலம் பூச்சுக்கும் நல்லதுதான், அது வேறு விஷயம்.) இவ்வளவுக்குப் பிறகும் சுற்றுக்குச் சுற்று தூள் குறையும். குறைந்த தூள் போவது, நாம் சுத்தம் செய்யக் கிளம்பிய அதே தண்ணீரில்.

பூச்சில் இந்தத் தலைவலியே இல்லை. வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது: பூசி, 450–500 டிகிரி செல்சியஸில் சுட்டால் ஓரளவு உறுதியாகப் பிடிக்கும். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் நேரடியாகப் பூச வேண்டாம். சுடும்போது சோடியம் மேலேறி வினையைக் கெடுக்கும். முதலில் ஒரு சிலிக்கா அடுக்கு பூசுவது நல்லது. சாயம் படிந்து மங்கினால், நல்ல தண்ணீரில் வைத்து வெயில் காட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

பூச்சு உரியாதா? உரியும். நான் பழகியது சோதனைக்கூடத்தில் கலக்கிய மாதிரிச் சாயநீரில்தான். உப்பும் பசையும் கலந்த ஆலைக் கழிவு வருடக்கணக்கில் ஓடினால் எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டுக்கும் பொதுவான வரம்பு உண்டு. இந்த வினையூக்கிக்கு வேண்டிய புற ஊதா வெயிலில் சுமார் ஐந்து சதவீதமே. அடர்ந்த சாயநீர் அதையும் மறைத்துவிடும். ஆகவே வேறு முறைகளில் பெரும்பங்கைக் குறைத்தபின் கடைசிக் கட்டமாக வைப்பதே சரி. நிறம் போனாலும் சாயம் உடைந்த துண்டுகள் தண்ணீரில் மிஞ்சலாம்; அதனால் நிறம் போனதை மட்டும் பார்க்காமல் மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்துவிடுங்கள்.

அப்புறம், புதுச் சாயம் ஒன்று இந்த வழிக்கு மசியுமா என்று பார்க்க மட்டும் நான் இன்றும் பீக்கரில் தூளைத்தான் போடுகிறேன்.