புழுதிக் காற்றில் மருந்து கெட்டித்துச் சுடுவது: அரிசோனா ரேஞ்ச் அனுபவம்

அரிசோனாவில் துப்பாக்கி சுடுகிறேன் என்றால் எல்லாரும் காற்று தொல்லை தராதா என்றுதான் கேட்கிறார்கள். ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே பென் ஏவரி ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானத்தில், சில வருடங்களாகக் கருமருந்துத் துப்பாக்கி (பழைய கால வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடுவது) சுட்டு வருகிறேன். என்னைக் கேட்டால் காற்று பாதித் தொல்லைகூட இல்லை. புழுதியும் வறட்சியும் சேர்ந்துதான் ஆளைப் படுத்தும்.

துப்பாக்கி, இத்தாலியில் செய்த ஹாக்கன் பாணி (பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி மாதிரி) ரைஃபிள், 0.50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். நம் ஊரில் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி போலத்தான், குழலின் வாய் வழியாக முதலில் மருந்து, அதன் மேல் குண்டு, கடைசியாகக் கேப், அதாவது சுத்தியல் அடித்ததும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற சின்ன உலோகக் குப்பி. ஒரு வித்தியாசம்: இதில் குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கிற வரிப்பள்ளம் உண்டு. 177 கிரெய்ன் (சுமார் பதினொன்றரை கிராம்) எடையுள்ள ஈய உருண்டையை, மசகு தடவிய பருத்தித் துணித் துண்டில், அதாவது பேட்ச்சில் வைத்து இறக்க வேண்டும்.

முதலில் காற்றை முடித்துவிடுகிறேன். உருண்டைக் குண்டு காற்றைக் கிழித்துப் போகிற வடிவம் இல்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 100 கஜத்தில் ஏறத்தாழ 8 முதல் 10 அங்குலம் விலகும். 50 கஜத்தில் அதில் கால்வாசி அளவுதான். அதனால் காற்று எழும்பிய நாட்களில் நான் 50 கஜத்தைத் தாண்டுவதில்லை. மருந்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். உருண்டை எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு சீக்கிரம் வேகத்தை இழக்கும், தோள்தான் வலிக்கும். குறிபலகை அருகே பறக்கிற கொடியைவிட, குழல் முனைக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்றைப் பார்ப்பது முக்கியம். ஆரம்பத்திலேயே தள்ளப்பட்ட குண்டுக்கு விலக இன்னும் முழுத் தூரமும் பாக்கி இருக்கிறது. நின்றபடி சுட்டால் நீளமான குழலையே காற்று பிடித்து ஆட்டும். ஓயும்வரை காத்திருப்பதுதான் வழி.

காற்றால் ஒரு லாபமும் உண்டு. காற்றில்லாத நாளில் வெண்புகை முகத்துக்கு முன்னால் அப்படியே நிற்கும், குண்டு எங்கே பட்டது என்று தெரியாது. காற்று நாளில் புகை உடனே பக்கத்து மேசைக்காரரிடம் போய்விடும். அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பது நல்லது.

இனி புழுதி. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். ஈரப்பதமான இடங்களில் இந்தக் கசடு இளகிக் கிடக்கும், இங்கே ஓடு மாதிரி இறுகிவிடும். இரண்டு மூன்று வெடிக்குப் பிறகு அடுத்த குண்டு பாதிக் குழலில் நின்று அடம் பிடிக்கும். இது வெறும் எரிச்சல் இல்லை, ஆபத்து. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும்போது சுட்டால் குழலே வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் திணிக்கும் கோலில், குண்டு முழுதாக உட்கார்ந்தால் எங்கே நிற்கும் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு குழல் வாய்க்கு வரவில்லை என்றால் கேப் போடுவதே கிடையாது.

மசகில்தான் ரொம்ப நாள் அலைந்தேன். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்தது வெயிலில் காயாது, கசடையும் இளக்கும். ஆனால் மேசையில் திறந்து வைத்தால் மணல் முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பேட்ச்சைக் குழலில் இறக்குவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். தண்ணீரோடு கலக்கிற எண்ணெயில் மணல் அவ்வளவு ஒட்டாது, ஆனால் காற்றில் சீக்கிரம் உலர்ந்துவிடும். இப்போது மெழுகுக் கலவையைத்தான் வைத்திருக்கிறேன். மூடியுள்ள சின்ன டின்னிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சாக எடுத்து, உடனே மூடிவிடுகிறேன். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத் துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று குழலில் விட்டு எடுப்பேன். நேரம் பிடிக்கும்தான், ஆனால் குறி சிதறுவது கண்ணெதிரே குறைந்தது.

மருந்தைக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அளவியில் ஊற்ற வேண்டும், அளவியிலிருந்துதான் குழலுக்குள் போக வேண்டும். டப்பாவிலிருந்து நேரே ஊற்றக் கூடாது. உள்ளே எங்காவது கனல் மிச்சமிருந்தால் கையிலிருக்கும் டப்பா முழுதும் வெடித்துவிடும். கண்ணாடியும் பக்கவாட்டை மூடுகிற மாதிரி வேண்டும், கேப் துணுக்குகளைக் காற்று எந்தப் பக்கமும் வீசும்.

விசைப் பொறியில் புகுந்த தூளை வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தட்டிவிட வேண்டும். அங்கே எண்ணெய் அதிகம் விட்டால் மணலும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். குழலுக்குச் சூடான சோப்புத் தண்ணீர் போதும். வறண்ட ஊர் என்று அடுத்த நாளைக்குத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. ஜூலையில் மழைக்காலக் காற்று வந்துவிட்டால் அந்தக் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துரு காட்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இந்த ஊருக்குக் கேப் வகையையே எடுங்கள். சக்கிமுக்கிக் கல் வகை அழகுதான், ஆனால் அதன் கிண்ணத்தில் வைக்கிற பற்றவைப்பு மருந்தைக் காற்று ஊதிக்கொண்டே போய்விடும்.