பால்வேர்ல்ட்: புடிக்கறதுக்கு எறியலாம், கூப்புடறதுக்கு எறியக்கூடாது

நேத்து நைட்டு ஃப்ரெண்டு ஒருத்தன், "மச்சி, பால்வேர்ல்ட் சேல்ல வந்துருக்கு, வாங்கவா?"ன்னு கேட்டான். பால்ங்கற ஜந்துங்கள புடிச்சு, சண்டைக்கும் வேலைக்கும் விடற வீடியோ கேம் அது. ஒரு வரில பதில் வரல, அதான் இங்க கொட்டறேன்.

2024 ஜனவரி 19 எர்லி ஆக்சஸ்ல (முழுசா முடிக்கறதுக்கு முன்னாடியே விக்கறது) வந்த அன்னைக்கே எறங்குன ஆளு நான். பேஸ் கட்டறது, பால்ஸ வேலை வாங்கறது எல்லாம் இன்னைக்கும் சலிக்கல. ஆனா என்னைய கட்டிப்போட்டது ஒரு அல்ப விஷயம். பாறை மேல நின்னு, கீழ இருக்கற கும்பல் நடுவுல குறி வச்சு ஸ்ஃபியர (பால அடைச்சு வச்சிருக்கற உருண்டை) விட்டெறிஞ்சா, அது விழுந்த எடத்துல நம்ம பால் குதிக்கும் பாருங்க, அதுக்காகவே தேவையில்லாம சண்டை இழுப்பேன்.

2024 நவம்பர் 30 பேட்ச்ல (கேம் அப்டேட்) அத தூக்கிட்டாங்க. இப்ப பட்டன அமுக்குனா பால் நம்ம பக்கத்துல வந்து தேமேன்னு நிக்குது. 2025 மே மாசம் இன்னொண்ணு, கேல்க்ளாங்கற பறக்கற பாலோட கால புடிச்சு பறந்துக்கிட்டே சுடுவோம்ல, அதுவும் போச்சு, இனிமே கிளைடர் (காத்துல மிதக்கற கருவி) கையில இருக்கணும். பழக்க தோஷத்துல கிளைடர் செய்யாம மலையிலருந்து குதிச்சு செத்தது தனிக் கதை.

எல்லாம் கேஸால. 2024 செப்டம்பர்ல நிண்டெண்டோவும் போக்கிமான் கம்பெனியும் இந்த கேம செஞ்ச பாக்கெட்பேர் மேல டோக்கியோ மாவட்ட கோர்ட்டுக்குப் போனாங்க, எறிஞ்சு புடிக்கறது, ஏறிப் போறது மாதிரி விஷயத்துக்கு அவங்க வச்சிருக்கற 3 பேட்டன்ட மீறிட்டாங்கன்னு. கேட்ட நஷ்டஈடு ஆளுக்கு 50 லட்சம் யென், தாமதத்துக்குத் தனியா. ஒரே மாசத்துல 2.5 கோடி பேர் ஆடுன கேமுக்கு அது டீ காசு, ஆனா கூடவே தடையும் கேட்டாங்களே, அங்கதான் கத்தி.

அந்த 3 பேட்டன்டும் ரெஜிஸ்டர் ஆனது 2024 மே மாசத்துலருந்து ஆகஸ்டுக்குள்ள, அதாவது கேம் வந்து ஓடுனதுக்கு அப்புறம். படிச்சப்ப செம கடுப்பு. சரி, நியாயமா சொல்லணும்னா மூல விண்ணப்பம் 2021 டிசம்பர்லயே போட்டது, அதுலருந்து பிரிச்சு எடுத்ததுதான் இது, சட்டப்படி ஓகே. ஆனா இதே பாக்கெட்பேர் 2020ல விட்ட கிராஃப்டோபியாலயே உருண்டைய எறிஞ்சு மிருகத்த புடிச்சோமேய்யா! நிண்டெண்டோ கேம் ஆடி வளந்தவன்தான் நானும், அதான் இன்னும் எரியுது.

என் ஃப்ரெண்டுக்கு எறியற ருசி தெரியாது, அதனால குறையே தெரியாம ஜாலியா ஆடுவான். கேமும் முன்னவிட இப்ப நெறைய வளந்துருச்சு, பக்ஸும் (கோளாறுங்க) கம்மி. இருந்தாலும் அந்த எரிச்சல்ல "வேணாம்டா"ன்னுதான் ரிப்ளை போட்டேன். நைட்டு 10 மணிக்கு சர்வர்ல இருப்பேன், வர்றவங்க வாங்க.